ஸ்டியரிங்கில் நீ கட்டிவிட்டுப் போன அட்டை

என் அம்மாவும் எங்கள் வீட்டுத் தலைமை மெக்கானிக்குமான கலைச்செல்விக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. இங்கே நிலவரம் மட்டும் சொல்கிறேன். நான் நலமில்லை, அப்பா நலமில்லை, கார் சுத்தமாக நலமில்லை. மூன்றுக்கும் காரணம் நீ. செத்துப்போனவளிடம் சண்டை போடுகிறாளே என்று படிப்பவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். உயிரோடு இருக்கும்போது மட்டும் நாம் என்ன கொஞ்சிக்கொண்டா இருந்தோம்?

விஷயம் இதுதான். என்னைவிட எட்டு வயது மூத்த நம் வெள்ளைக் காருக்கு இந்த மாதத்தோடு பதிவு முடிகிறது. செங்கல்பட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள். ஓட்ட வேண்டுமென்றால் கார் ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் யாராவது அதைத் தொட வேண்டும். தொட முடியாதபடி ஒரு அட்டையைக் கட்டிவிட்டுப் போய்விட்டாய், மகராசி.

சிவப்பு அட்டை. உன் வேலையிடத்தில் ஒரு இயந்திரத்தைக் கழற்றினால் அதன்மேல் ‘இயக்காதே’ என்று அட்டை கட்டுவார்களே, அதைப் பார்த்து நீயே சோப்புப் பெட்டியை வெட்டி வரைந்தது. ஸ்டியரிங்குக்கும் கியர் தண்டுக்கும் சேர்த்துக் கம்பி போட்டு முறுக்கி, கீழே கையெழுத்து வேறு. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி. நம் வீட்டில் யாருக்கு இந்த விதி தெரியாது? பால் பாத்திரத்துக்கே ஒருமுறை அட்டை கட்டியவள் நீ.

அப்பாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாதுகாப்புப் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், உன் பிரிவையும் பாதுகாப்பாகப் பூட்டி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் காரின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைக்கிறார். உப்புக்காற்று பட்டுத் துருப்பிடித்த இடத்தில் எண்ணெய் தடவுகிறார். கதவை மட்டும் திறக்க மாட்டார். சாவி அவர் சட்டைப் பையில், அடையாள அட்டைக்குப் பின்னால். இரண்டு முறை எடுக்கப் பார்த்தேன். இரண்டு முறையும் குளித்துவிட்டு வரும்போதே பையைத் தடவிப் பார்த்துவிட்டார். பரம்பரைக் குறும்புக்காரிக்கு எவ்வளவு பெரிய அவமானம், யோசித்துப் பார்.

இவ்வளவு விதி பேசுகிற மனுஷன் போன வாரம் என்ன செய்தார் தெரியுமா? பழைய கார்களை வாங்கி உடைத்து விற்கிற ஒருவரைச் செங்கல்பட்டிலிருந்து வரச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை வந்து எடுத்துப் போவாராம். அட்டையை அவிழ்க்க மனசு வராதாம், அட்டையோடு சேர்த்துக் காரையே கொடுக்க மனசு வருமாம். இது எந்த விதிப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். மோர் தம்ளரை எடுத்துக் குடித்தார்.

அதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் ஒரு வாக்கியம். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றே ஆரம்பித்துவிட்டது. ‘கலையாலேயே அந்தக் கார்ல என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க முடியலையாம்.’ பாலு மாமா சொன்னார், மாடி வீட்டு அக்கா சொன்னாள், அப்பாவும் தலையாட்டினார். புதுப்பட்டினத்திலிருந்து மெக்கானிக் சலீம் பாயைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். அவர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார், அட்டையைப் பார்த்தார், இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

“உங்கம்மாவுக்கே ஆப்டாத கோளாறு பாப்பா. நான் இன்னாத்த கண்டுபுடிக்கிறது? விட்று.”

எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும்போல் இருந்தது. ஏனென்றால் அது கோளாறே இல்லை. நான்.

இதை நான் உன்னிடம் சொல்வதற்குள் நீ போய்விட்டாய், அதனால் ஊருக்கு முன்னால் சொல்கிறேன். எந்தக் கோளாறையும் அரை மணிக்குள் பிடித்துவிடுவேன் என்று நீ அலட்டிக்கொள்வாய். நான் விடுவேனா? ஹாரன் ஃபியூஸைக் கழற்றி ஒளித்தேன். நாலு நிமிஷத்தில் பிடித்தாய். புகைக்குழாயில் துணி அடைத்தேன். சாவியைத் திருகியதுமே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். மறுநாள் என் சைக்கிள் மணிக்குள் புளியங்கொட்டை இருந்தது. சடுகுடு மாதிரி மாறி மாறி ஆடினோம். அப்பாவுக்குத் தெரியாத ஆட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜின் மூடியைத் திறந்து, மூன்று பிளக் வயர்களில் முதலாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிச் செருகினேன். யாழினி என்று பெயர் வைத்தால் கம்பியில் கை வைக்கத்தானே செய்வேன்? செருகிவிட்டு என் தோழி நஸ்ரினோடு மாமல்லபுரம் பஸ் ஏறிவிட்டேன். கடற்கரையில் உட்கார்ந்து, கார் இருமி இருமி நிற்பதையும் நீ தலையைச் சொறிவதையும் நடித்துக் காட்டி அவளைச் சிரிக்க வைத்தேன்.

சாயங்காலம் வந்தபோது நீ பின்பக்கக் குழாயில் சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாய். காரில் சிவப்பு அட்டை தொங்கியது. கண்டுபிடித்தாயா என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். கடல் எப்படி இருந்தது என்று கேட்டாய். தோசை ஊற்றினாய்.

மறுநாள் காலை வேலைக்குப் போன இடத்தில் விழுந்தாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் குனிந்து நிமிர்ந்து, இல்லாத கோளாறைத் தேடியதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் நான். வாயைத் திறக்கவில்லை.

எட்டு மாதமாக எனக்கு இருந்த திட்டம் ஒன்றுதான். யாருக்கும் தெரியாமல் மூடியைத் திறந்து இரண்டு வயரையும் பழையபடி செருகிவிட வேண்டும். கார் கிளம்பிவிடும். உன் பெயரும் தப்பிக்கும், நானும் தப்பிப்பேன். ஆனால் மூடியைத் திறக்கிற பிடி காருக்குள்ளே. கார் பூட்டுக்குள்ளே. சாவி அப்பாவின் பைக்குள்ளே. அப்பா அட்டைக்குள்ளே.

இதுவரை வெள்ளிக்கிழமை ராத்திரி எழுதியது, மீதியை எல்லாம் முடிந்தபின் இப்போதுதான் எழுதுகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உடைக்கிறவர் வந்தார். நல்ல மனுஷன்தான், கூடவே இழுவை வண்டி. அப்பா சாவியை நீட்டினார், முகத்தை வேப்பமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஆள் கதவைத் திறந்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினால்தானே வண்டியை வெளியே எடுக்க முடியும்? அட்டையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

அப்பா போட்ட சத்தத்தில் மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். கையை எடுங்க என்று ஒரே கத்தல். நான் அப்பாவின் குரலை அந்த உயரத்தில் கேட்டதே இல்லை. அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டை அவர் கையில் திரும்பிக் கிடந்தது.

“இன்னா சார் கூவுற? பின்னாடி ஏதோ எழுதிகீது பாரு. படிச்சியா இல்லியா?”

படிக்கவில்லை அம்மா. எட்டு மாதம். அப்பா படிக்கவில்லை, நான் படிக்கவில்லை, சலீம் பாய் படிக்கவில்லை. அட்டையைத் தொடாதே என்று எங்களை எல்லாம் எப்படிப் பழக்கி வைத்திருக்கிறாய் பார், அதைத் திருப்பிப் பார்க்கக்கூட ஒருத்தருக்கும் கை வரவில்லை. அந்த விதி தெரியாத ஒருவர் வந்து இழுக்க வேண்டியிருந்தது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காருக்குள் தலையை நீட்டினார். கட்டம் கட்டமாக எழுதியிருந்தாய். வேலையிடத்தில் அறிக்கை வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்.

“கோளாறு: பிளக் வயர் ஒண்ணும் மூணும் மாறியிருந்தது. சரி செய்யப்பட்டது. மீதி வேலை: பின் இடது பிரேக்கில் எண்ணெய்க் கசிவு, சிலிண்டர் மாற்ற வேண்டும், அதுவரை ஓட்டக் கூடாது.” கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “காரணம்: யாழினி.”

திரும்பி என்னைப் பார்த்தார்.  

“நான்தாம்ப்பா மாத்துனேன். சும்மா விளையாட்டுக்கு. அம்மா அதத் தேடித் தேடித்தான்...”

“அரை மணி நேரம் கூடத் தேடியிருக்க மாட்டா” என்றார். “அவளுக்கு உன்னத் தெரியும்.”

அப்புறம் கார் கதவைப் பிடித்துக்கொண்டே அழுதார். நானும்தான். உடைக்கிறவர் பாவம், எங்களைப் பார்ப்பதா வேப்பமரத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார். கடைசியில் வண்டி உண்டா இல்லையா என்று கேட்டார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டு, பிரேக்கை நல்லா பாருங்க சார் என்று சொல்லிப் போனார்.

மூடியைத் திறந்து பார்த்தேன். மூன்று வயரிலும் வெள்ளைப் பட்டை சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தாய். இனிமேல் மாற்றினாலும் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். ஆட்டத்தில் என் காயை வெட்டியதோடு நிற்காமல் பலகையையே மடக்கிவிட்டாய்.

பிரேக் வேலை நான்கு நாள் எங்களைக் கொன்றது. ஹாண்ட்பிரேக் போட்டபடியே விட்டிருந்ததால் பின் சக்கரத்து உருளை துருவில் ஒட்டிக்கொண்டது. சலீம் பாய் வந்து சுத்தியலால் தட்டித் தட்டி விடுவித்தார். உள்ளே பார்த்தால் எண்ணெய் வழிந்து ஒரே பிசுக்கு. சிலிண்டரை மாற்றியபின் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க வேண்டும் அல்லவா? ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் சக்கரத்துப் பக்கம் திருகைத் திறந்து மூட வேண்டும். அப்பா மிதிக்க வேண்டும் என்றால் விட்டுவிடுவார். விட வேண்டும் என்றால் மிதிப்பார். என் முகமெல்லாம் பிரேக் எண்ணெய். திட்டினால், நீ சொல்றது தெளிவா இல்ல, கட்டளை தெளிவா இருக்கணும் என்று பாடம். இந்த மனுஷனோடு எப்படி அம்மா இத்தனை வருஷம் குடித்தனம் செய்தாய்? நீ மிதிக்கச் சொன்னால் மட்டும் மிதித்திருப்பாரோ?

எல்லாம் முடிந்தபின் அட்டை மட்டும் மீதி. அப்பா அதன் முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கட்டியவர் வர முடியாதபோது என்ன செய்வது என்று கேட்டேன்.

“அதுக்கும் விதி இருக்கு. ரெண்டு பேர் நேர்ல சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டா எடுத்துடலாம்.”

“அப்ப மொதல் நாளே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்” என்றார். “அவ வரமாட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போடணும் யாழி. எனக்குக் கை வரல.”

எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் முதலில் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். எனக்குப் பதினேழுதான், செல்லுமா என்றேன். கோளாறு உன்னோடது, கையெழுத்தும் உன்னோடதா இருக்கட்டும் என்றார்.

கார் கிளம்பியது. உடனே இல்லை, பழைய பெட்ரோலை வடித்து, பாட்டரிக்கு உயிர் கொடுத்து, ஒரு மணி நேரம் அது எங்களை வைத்து விளையாடியது. நேற்றுத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனோம். சோதித்தவர் வேகமாக ஓட்டி நிறுத்திப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார், பின் பிரேக் யார் செய்தது என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். பதிவு கிடைத்துவிட்டது, கார் இன்னும் ஐந்து வருஷம் நம்மோடுதான் இருக்கும்.

ஒன்று மட்டும் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது. அன்று சாயங்காலம் கடல் எப்படி இருந்தது என்று கேட்டாயே, அப்போதே உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே தோசை ஊற்றினாய். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அந்தத் திங்கட்கிழமை எனக்கு என்ன செய்வதாக இருந்தாய்? சைக்கிளை எல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டேன். காலணிக்குள், பைக்குள், தலையணைக்குள்ளும் பார்த்தேன். ஒன்றுமில்லை. இவ்வளவு மோசமாக என்னை யாரும் ஏமாற்றியதில்லை.

ஆகவே உனக்கு ஒரு வாக்கு. கலையால் கண்டுபிடிக்க முடியாத கோளாறு என்று இந்தக் குடியிருப்பில் இனி ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வீடு வீடாகப் போய், வயரை மாற்றியது நான், அம்மா அன்றைக்கே பிடித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். பதினோரு வீடு முடிந்தது. பாலு மாமா திட்டினார். மாடி வீட்டு அக்கா அழுதாள். சலீம் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். இன்னும் இரண்டு தெரு இருக்கிறது. ஒரு வீட்டையும் விட மாட்டேன்.

இப்படிக்கு,
நீ கையும் களவுமாகப் பிடித்த உன் ஒரே மகள்,
யாழினி