நாலாவது துளை

கண்ணுக்குக் கண்ணான என் அன்பு மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

நம் ஆம்ப்ளிஃபயரை விற்றுத் தரும் ஷோரூம்காரர் போன வாரம் வந்தார். நாங்கள் இரண்டு பேரும் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்கிறோம், விற்கிற விலையில் பாதி அவருக்கு, மீதியில் பாதியை அந்த அலுமினிய மூடி தின்கிறது. மூடியை மெலிதாக்கலாமா என்றால் கனமாக இருந்தால்தான் வாங்குகிறவன் காது திறக்குமாம். விலையைக் குறைக்கலாமா என்றால், குறைச்சா ஏதோ கோளாறுன்னு யாரும் தொடமாட்டாங்கம்மா என்பார். அதே வாய்தான் இப்போது மேசைமேல் வேறொரு பெட்டியை வைத்து, புதுக் கம்பெனி, உங்க விலையில மூணுல ஒரு பங்கு, சத்தமும் கிட்டத்தட்ட இதேதான், நீங்க பிழைக்கணும்னா ரெண்டு வருஷம் எனக்கு மட்டும்தான் கொடுப்பேன்னு கையெழுத்துப் போடுங்க என்கிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள். அப்பா அந்தப் பெட்டியில் பாட்டுப் போட்டுக் கேட்டார், முகம் விழுந்துவிட்டது. மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பெட்டியை ஷோரூம்காரர் இங்கேயே விட்டுவிட்டுப் போனார், அடுத்தவன் பெட்டியைத் திறப்பது மரியாதை இல்லை என்று அப்பா அதைத் தொடவில்லை. எனக்கென்ன மரியாதை, அவர் மூடி வாங்கப் போன நேரத்தில் திறந்தேன். வயர் போகும் வழிகூட நம்முடையது. நம் பெட்டியை வாங்கிப் பிரித்துப் பார்த்துச் செய்திருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நாலாவது ஸ்குரூ துளையைப் பார்த்தேன். நம் பெட்டியில் அங்கே மூன்றுதான். நாலாவது இடிக்கிறது என்று முதல் பெட்டியிலேயே விட்டுவிட்டோம், அப்பா வரைபடத்தில் மட்டும் திருத்தவே இல்லை. ஆக, பெட்டியைப் பார்த்துச் செய்யவில்லை, வரைபடத்தைப் பார்த்துச் செய்திருக்கிறான். இருப்பதே இரண்டு. ஒன்று இங்கே பீரோவில், சாவி என்னிடம். இன்னொன்று நீ போகும்போது ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது.

பெற்ற வயிறு வேறு காரணம் தேடித் தேடிப் பார்க்கிறது, கிடைக்கவில்லை. உங்க பையன் ஊருக்குக் கண்காட்சிக்குப் போனப்போ அவன் வீட்டுலதான் தங்கினேன், விவரமானவன் என்று ஷோரூம்காரர் சொன்னார், நீ ஏன் அதை எங்களிடம் சொல்லவில்லை? அவர் இங்கே வருவதற்கு முந்தின நாளே, ஒப்பந்தம் ஏதாவது வந்ததா என்று போனில் கேட்டாயே, உனக்கு யார் சொன்னது? உனக்குத் தெரியாமல் அவர் வரைபடத்தைப் போட்டோ எடுத்திருந்தால் சொல், நம்புகிறேன். நீயே கொடுத்திருந்தால் உனக்கு அப்படி என்ன கஷ்டம் என்று முதலில் சொல், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

அப்பாவிடம் நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் என் பிள்ளையையா சந்தேகப்படுறே என்று என்னிடம்தான் சண்டைக்கு வருவார், அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது. கடிதம் கிடைத்த அன்றே அவருக்குப் போன் செய். எனக்கு வேண்டாம், அவருக்கு.

நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மாதக் கடைசிக்குள் என்பதை மறந்துவிடாதே. அப்பா புதிதாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வரைந்திருக்கிறார், உனக்கு ஒரு நகலை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பச் சொல்லிக் கொடுத்தார். வைத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். வைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா