கண்டக்டர் ஏறாத பேருந்து

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் இரண்டு விமானம் மாறி நல்லபடியாக வந்து சேர்ந்தோம். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், சுற்றுலாப் பேருந்தில் பாதிப் பேருக்கு நம் வீட்டு விஷயம் தெரிந்துவிடுகிறது. அதனால் அவர்கள் எழுவதற்கு முன்னால் ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து உனக்கு மெயில் எழுதுகிறேன்.

எங்கள் டிராவல்ஸ் ஆபீசில் விற்காத சீட்டை ஊழியர் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள் என்று சொன்னேன் இல்லையா, ஏன் விற்கவில்லை என்று முதல் நாளே புரிந்துவிட்டது. காலையில் பழைய ஊர், மதியம் உடம்பை வருத்துகிற ஏதாவது ஒன்று. நேற்று கோட்டையைப் பார்த்துவிட்டு சைக்கிள் மிதிக்க வேண்டும் என்றார்கள். கோட்டைக்குள் ஒரு ராஜா படுத்த கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். அம்மா அதைப் பார்த்ததும், "எங்க வார்டுல கட்டில் இல்லாம தரையில படுக்க வைக்கிறோம், இங்க இது சும்மா கெடக்குது" என்று பெருமூச்சு விட்டார். இருபது வருடமாக ஆஸ்பத்திரி ஆயாவாக இருப்பவருக்கு வேறென்ன தோன்றும்.

அப்பா இன்னும் ஒருபடி மேலே. எண்ணூறு வருடத்து நுழைவாயில் என்று வழிகாட்டிப் பெண் சொல்லி எல்லோரும் அண்ணாந்து பார்க்கும்போது, அவர் மட்டும் அகலத்தைக் காலால் அளந்து, "நாப்பதடி வண்டி இதுல திரும்பாது" என்றார். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிவிட்டது, விசிலைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். அந்தப் பெண் பத்து நிமிடம் தலை எண்ணி மூன்று விதமாக விடை சொன்னாள். அப்பா ஒரு நடை நடந்து, சீட்டின் முதுகைத் தொட்டுக்கொண்டே போய், இருபத்தேழு என்றார். நாங்கள் இருபத்தெட்டுப் பேர். அவர் தன்னைச் சேர்க்க மாட்டார். கண்டக்டர் எப்படிப் பயணி ஆவான் என்று கேட்கிறார். இன்று முதல் எண்ணும் வேலை அவருடையது. உட்காருவதே இல்லை, முன் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஊர்க் கிளையில் இரண்டு வருட வேலைக்குப் பன்னிரண்டாம் தேதிக்குள் சரி என்றோ இல்லை என்றோ நான் பதில் தர வேண்டும். நேற்று சைக்கிளில் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் வாயைத் திறந்தேன். அவர் மணி அடித்து என்னை ஓரம்போகச் சொல்லிவிட்டார்.

தவிப்போடு,
உன் தங்கை

ஜூன் 5

அன்புள்ள வாயில்லாப்பூச்சிக்கு,

உன் கடிதத்தை உன் மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். சைக்கிள் இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

இங்கே எல்லாம் வழக்கம்போல. அம்மா வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். குழாய் ஒழுகுகிறது, ஆள் கூப்பிட்டிருக்கிறேன். கேஸ்காரர் வந்தார், நான்தான் போய்க் கதவு திறந்தேன். பள்ளிக்கூடச் சீருடை நாற்பது தைத்துக் கொடுக்க வேண்டும், மிஷினை விட்டு எழுந்தால் குழாய், உட்கார்ந்தால் கேஸ். என் மகள் வாலுக்குப் பத்தாம் வகுப்பு என்பதால்தான் நாங்கள் வரவில்லை என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாய். அவள் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறாள்.

சொல்லிவிடு. தள்ளிப்போடாதே. இன்றைக்கே சொல். அப்பா என்ன புலியா?

மிஷின் சத்தத்துக்கு நடுவிலிருந்து,
அக்கா

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ஏரி. ஒருவர் மட்டும் உட்காரும் துடுப்புப் படகு. தண்ணீரில் கால் வைக்கவே மாட்டேன் என்று அம்மா சத்தியம் செய்தார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டதும் என்ன ஆயிற்றோ தெரியவில்லை, முதல் ஆளாக ஏறிவிட்டார். வலது பக்கம் மட்டும் துடுப்புப் போட்டதால் படகு இருந்த இடத்திலேயே சுற்றியது. பன்னிரண்டு சுற்று வரை எண்ணினேன். கரையிலிருந்து எல்லோரும் இடது இடது என்று கத்த, எங்களுக்குக் கை ஆட்டிக்கொண்டே சுற்றினார். இறங்கி வந்து, "ஏரியச் சுத்திப் பாத்துட்டேன்" என்றார். யாரும் மறுக்கவில்லை.

அப்பா படகில் ஏறவில்லை, ஓட்டுநருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனாலும் ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ, வண்டியின் பக்கவாட்டில் தட்டினாலும் அதே கணக்கு என்று புரியவைத்துவிட்டார். அந்த மனிதர் பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டுகிறார். பின்னால் எடுக்கும்போது அப்பா இறங்கி நின்று "வரட்டும், வரட்டும், வரட்டும்" என்று தமிழில் சொல்ல, சரியாக வருகிறார்.

இன்றும் சொல்லவில்லை, அக்கா. அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் மனிதரிடம் எப்படிச் சொல்வது?

ஏரித் தண்ணீரின் ஈரம் காயாமல்,
தங்கை

ஜூன் 8

வாயில்லாப்பூச்சி,

சந்தோஷமாக இருக்கும்போது சொல்லாமல், சிடுசிடுவென்று இருக்கும்போதா சொல்வாய்? நாலு நாள்தான் இருக்கிறது. சொல். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், அத்தோடு முடிந்தது. மனதில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதே.

குழாய்க்காரர் இன்னும் வரவில்லை.

அக்கா

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்பதை முதலிலிருந்து கேள்.

நேற்று மலைமேல் ஒரு பழைய ஊருக்குப் போனோம். மதில் மேல் நடந்து, மணிக்கூண்டில் இருநூற்றுச் சொச்சம் படி ஏறி இறங்கி, எல்லோரும் செத்தோம் பிழைத்தோம் என்று பேருந்தில் விழுந்தார்கள். அம்மா உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். அப்பா எண்ணினார், இருபத்தேழு சரியாக இருந்தது. வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்ததால் இறங்கிப் போனார். இதுதான் நேரம், தனியாக இருக்கிறார் என்று நானும் பின்னாலேயே இறங்கினேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை.

வரட்டும், வரட்டும் என்று வண்டியைத் திருப்பிவிட்டார். இரண்டு விசில் கொடுத்தார். முப்பத்தோரு வருடமாகச் செய்த மாதிரியே, நகர்கிற வண்டியின் படியில் தொற்ற ஓடினார். படி இல்லை, அக்கா. இந்த ஊர் வண்டியில் ஓட்டுநர் பொத்தானை அமுக்கினால் கதவு மூடிக்கொள்ளும், இத்தனை நாளும் நின்ற வண்டியில் ஏறியதால் அவருக்கு அது உறைக்கவில்லை. வழவழவென்று கண்ணாடிதான் இருந்தது. அப்பா பதறிப்போய் விசிலை விடாமல் ஊதினார். பக்கவாட்டில் படபடவென்று தட்டினார். இரண்டு தட்டுக்குப் போ என்று கற்றுக்கொண்டவர், இருபது தட்டுக்கு என்ன செய்வார்? பறந்துவிட்டார்.

தூசி அடங்கியதும் அப்பா திரும்பினார். என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ ஏன் இறங்கின? எண்ணிக்கை தப்பாயிடுச்சே" என்பதுதான்.

என் போன் பேருந்தில் சார்ஜ் போட்டிருந்தது. அவருடையது அம்மா பையில். அப்பா அந்த இடத்திலேயே நிற்கலாம் என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, பத்திரிகைக் கடை அம்மாளிடம் போய் ஹோட்டல் சாவியில் இருந்த பெயரைக் காட்டினேன். அரைகுறை ஆங்கிலத்தில் அவரும், அதைவிட அரைகுறையாக நானும் பேசி, எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அப்பா நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் இல்லை. எல்லோரும் ஒரு பெட்டியில் அட்டையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அப்பா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார், யாரோ தெரிந்தவர் வேலையை அது வாங்கிக்கொண்ட மாதிரி. நான் ஆபீசில் கொடுத்திருந்த பயண அட்டையை எங்கள் இருவருக்குமாக இரண்டு முறை காட்டி, ஜன்னல் ஓரத்தில் அவரை உட்காரவைத்தேன். அவர் பஸ்ஸில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, இங்க எனக்கு வேலை குடுக்கறாங்க. ரெண்டு வருஷம்."

இரண்டு நிறுத்தம் போகும் வரை வெளியே பார்த்தார்.

"அவங்களா குடுத்தாங்களா, நீயா கேட்டியா?"

"நான்தான்பா கேட்டேன்."

"வாயத் தொறந்தா?"

"எழுதித்தான் கேட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலேஜ் போறப்போ ஸ்டாப்பிங் கேக்க வெக்கப்பட்டு மூணு ஸ்டாப் தள்ளி எறங்கி அழுதுட்டு நின்னவ. என் டெப்போ ஆளுங்க இன்னும் கேலி பண்ணுவாங்க. இன்னிக்கு என்னையே ஏத்தி உக்கார வெச்சுட்ட" என்றார். பிறகு, "போ. இருந்து பாரு. பிடிக்கலன்னா வந்துடு" என்றார். அம்மாவிடம் அவரே சொல்வதாகவும், ஆனால் அன்றைக்கு வேண்டாம், அன்றைக்கு அவளிடம் வாங்க வேண்டிய திட்டு தனியாகவே நிறைய இருக்கிறது என்றும் சொன்னார்.

நிறையவே இருந்தது. எண்ணுகிற ஆள் இல்லாததால், பேருந்து ஹோட்டலுக்கு வந்து எல்லோரும் இறங்கும் வரை நாங்கள் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. அம்மா வாசலில் நின்றார். "ஊரையே ஏத்தி எறக்கின மனுஷனுக்குத் தன்னை ஏத்திக்கத் தெரியல" என்று தொடங்கியவர் சாப்பாடு முடியும் வரை நிறுத்தவில்லை. ஓட்டுநர் அப்பாவின் காலில் விழாத குறை.

நீ விரட்டாமல் இருந்தால் நான் இறங்கியே இருக்க மாட்டேன். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

கால் தரையில் படாமல்,
தங்கை

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். ஐந்து நாளாக ஒரே பாலா?

அம்மாவையும் அப்பாவையும் விமானம் ஏற்றிவிட்டேன். அம்மா அழுதுகொண்டே, துடுப்பை இரண்டு பக்கமும் போட வேண்டும் என்று முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார். அம்மாவிடம் அப்பாவே சொன்னார், நானும் ஆபீசுக்குச் சரி என்று எழுதிவிட்டேன். நான் வேலையைப் பார்த்துப் பழக மூன்று வாரம் இங்கேயே இருக்கிறேன். பிறகு வந்து, ஆகஸ்டில்தான் நிரந்தரமாகக் கிளம்ப வேண்டும். ஒரே ஒரு ஜன்னல் இருக்கிற அறை கொடுத்திருக்கிறார்கள்.

நான் எதையாவது தப்பாக எழுதிவிட்டேனா? திட்டியாவது எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை

ஜூன் 21

அன்புள்ள தங்கைக்கு,

நீ தப்பாக எதுவும் எழுதவில்லை. நான்தான் தப்பாக எழுதிக்கொண்டிருந்தேன்.

சொல், சொல் என்று உன்னை விரட்டினேன் இல்லையா? அப்பா வேண்டாம் என்பார் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். நீ போகக் கூடாது என்று நான் சொன்னால் பொறாமை என்று ஆகும். அதை அவர் வாயால் சொல்லவைத்துவிட்டால், நீ இங்கேயே இருப்பாய், நானும் நல்ல அக்காவாகவே இருப்பேன். குழாய், கேஸ், நாளைக்கு அம்மாவின் முழங்கால், அப்பாவின் கண் எல்லாவற்றுக்கும் இரண்டு பேர் இருப்போம். உன் கடிதத்தைப் படித்த அன்று சீருடை ஒன்றில் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன். உன் மாமா ஏன் என்று கேட்கவில்லை, பிரித்துக் கொடுத்தார்.

எனக்குப் பதினெட்டு வயதில் டீச்சர் டிரெய்னிங்கில் இடம் கிடைத்தது. உனக்கு அப்போது எட்டு வயது, நினைவிருக்காது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், வேண்டாம் என்றார் அப்பா. அவரே கண்டக்டர். உனக்கு இரண்டு விமானம் மாற வேண்டும், போ என்றிருக்கிறார்.

அவர்கள் வந்து இறங்கிய மறுநாள் அதைக் கேட்டேவிட்டேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "உன் விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. காபி போடட்டுமா என்று கேட்டு எழுந்து போய்விட்டேன். அவரும் பின்னாலேயே வந்து சமையலறை வாசலில் நின்றார். குழாயை நானே பார்க்கிறேன், நீ அலையாதே என்றார். பார்த்தார். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது கரைய நாளாகும். ஆனால் நீ போகாமல் இருந்தால் தீர்ந்துவிடும் என்று இனிமேல் நினைக்க மாட்டேன். ஆகஸ்டில் நானே பெட்டி அடுக்கித் தருகிறேன்.

நேற்று வாலையும் கூட்டிக்கொண்டு பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போனேன். அவள் பரீட்சை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் உன் அறைக்கு வருகிறோம், தரையில் இடம் இருந்தால் போதும். போட்டோவில் சிரிக்கக் கூடாதாம். அவள் நாலு தடவை சிரித்தாள், நாலு தடவை திரும்ப எடுத்தார்கள். எனக்கு ஒரே தடவையில் முடிந்துவிட்டது.

உன்,
அக்கா