மலையாற்றில் வத்துக்குக் காத்திருந்தவனுக்கு

மச்சான்,

இன்று காலை நல்லூரடிக் கடையொன்றில் குளிக்கச் சவர்க்காரம் கேட்டேன். கடைக்காரர் சிவப்புக் கட்டி ஒன்றை எடுத்து வைத்தார். அந்தப் பழைய மருந்து வாசம் மூக்கில் ஏறியதும் உன் மேல் எனக்கிருக்கிற கோபமெல்லாம் கிளம்பிவிட்டது. செத்தவனோடு சண்டை பிடிக்கக்கூடாது என்பார்கள். பிடித்தால் என்ன? உயிரோடு இருந்தபோது நீ பிடிக்கவிட்டாயா? எதைச் சொன்னாலும் சிரித்து மழுப்பிவிடுவாய்.

எண்பத்துமூன்று சித்திரை விடுமுறை. இரண்டு இரயில் மாறி, பஸ் ஏறி, பசறைக்கு அப்பால் ஒரு சந்தியில் இறங்கினோம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ் அன்றைக்கு இல்லை. ஆற்றுப் பள்ளத்தால் நடந்தால் மூன்று மைல் என்றார்கள். சந்திக் கடை அம்மா இந்தச் சிவப்புச் சவர்க்காரத்தைத்தான் தந்தார். "காலுல நல்லா பூசிக்கிங்க தம்பி, அட்டை ஏறாது" என்றார். பூசினோம். அப்படியும் ஏறியது. ஏறியதெல்லாம் எனக்குத்தான், உனக்குக் கிட்ட ஒன்றும் வரவில்லை.

உன் கையில் உன் அம்மா தந்துவிட்ட பனையோலைப் பை. ஒடியல்மா, பனங்கட்டி, கருவாடு. உன் அக்கா ஜெசிந்தாவுக்கு. மலைநாட்டிலிருந்து சந்தைக்குக் கரட்டும் லீக்ஸும் கொண்டுவந்த லொறிச் சாரதியோடு அவர் போய் ஆறு வருடம். ஓடிப்போன அந்த மாதமே இருவரும் மாலையும் கழுத்துமாகக் குருநகருக்கு, உங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் அப்பா உள்ளே நின்று கத்தினார். வெளியே வந்து வேலிப் படலையைச் சாத்தியவன் நீ. அப்போது உனக்குப் பதினெட்டு வயது. அரை மணித்தியாலம் வெயிலில் நின்றுவிட்டு அவர்கள் திரும்பிப் போனார்கள். அப்பா செத்த பிறகுதான் அம்மா வாய் திறந்தார்: "ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வா ராசா, அவளைக் கூட்டிக்கொண்டு வா."

அந்தப் பள்ளத்தை நான் மறக்கவில்லை. மேடு என்றால் வரம்பும் மணல் கும்பியும் என்றிருந்த நமக்கு, இரண்டு பக்கமும் கற்சுவர் எழும்பி நின்றதைப் பார்க்கக் கழுத்து வலித்தது. நடுவில் முழங்கால் அளவு தண்ணீர். கல்லுக்குக் கல் தாவித் தாவிப் போனோம். இரண்டு தரம் விழுந்தேன். நீ என்னைத் தூக்காமல் பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மத்தியானமளவில் வளைவு ஒன்று திரும்பினால், எதிர்க்கரை மேட்டில் தோட்டத்து லய வீடுகளின் தகரக் கூரையும் அடுப்புப் புகையும் தெரிந்தன. ஆற்றைக் கடந்து ஏறினால் அக்கா வீடு.

நீ பாறையில் குந்தினாய். "கொஞ்சம் ஆறிப்போட்டுப் போவம்" என்றாய். அந்தக் கொஞ்சத்துக்குள் வந்தது தண்ணீர். தலைக்கு மேல் நல்ல வெயில், ஒரு துளி மழை இல்லை. பால்தேத்தண்ணி நிறத்தில், இலையும் கொப்புமாக இரைந்துகொண்டு வந்து, நாங்கள் தாவ இருந்த கற்களையெல்லாம் மூடிவிட்டது. விறகுக் கட்டோடு மேலே போன ஒருவர் நின்று கூப்பிட்டார்.

"மேல மழ பேஞ்சிருக்குங்க. இப்ப எறங்கிறாதீங்க. இப்படியே ஏறி வாங்க, அரை மணித்தியாலத்துல பாலம் இருக்கு."

நான் எழும்பிவிட்டேன். நீ அசையவில்லை.

"உவர் மலையிலை இருக்கிற மனிசன். தண்ணியைப் பற்றி எனக்குப் படிப்பிக்கிறாரோ? ஏறின தண்ணி வத்தத்தான் வேணும். இரு."

கடலிலே தண்ணீர் ஏறுகிற பெருக்கும் இறங்குகிற வத்தும் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாறும் என்று எனக்கு விளக்கமும் சொன்னாய். குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவன், அலையோடு வளர்ந்தவன் சொல்கிறான் என்று நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். உண்மையைச் சொன்னால், அட்டைக்குப் பயந்து அந்தப் பற்றைக்குள்ளால் ஏற எனக்கும் அலுப்பும் பஞ்சியுமாக இருந்தது. நாலு மணிவரை இருந்தோம். தண்ணீர் ஏறியதே தவிர வற்றவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாய். இரண்டு நாளில் உனக்கு வேலை. திரும்பினோம்.

உன் அம்மா கதவைத் திறந்து முதலில் பார்த்தது உன் கையிலிருந்த பையைத்தான். வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அடுத்த விடுமுறைக்குப் போகலாம் என்று நீ சொன்னாய். அடுத்த விடுமுறைக்குள் ஆடிக் கலவரம் வந்துவிட்டது. அதன் பிறகு யார் மலைக்குப் போனது? இடையில் உன் அம்மாவும் கண்ணை மூடிவிட்டார்.

நான் சும்மா இருந்தேனா? ஊரெல்லாம் கதையைப் பரப்பினேன். தேத்தண்ணிக் கடையில் உன்னைக் கண்டால் போதும், "மச்சான், மலையிலை இண்டைக்கு வத்து எத்தினை மணிக்கு?" என்று கேட்பார்கள். ஏழு வருடம் நீ பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய்.

தொண்ணூறில் ஒரு நாள், ஊருக்கு மேல் விமானம் சுற்றுகிறது, நாங்கள் இருவரும் பங்கர்க் குழிக்குள். அந்த நேரத்தில் பகிடி விட்டால் பயம் குறையும் என்று நான் வத்துக் கதையை எடுத்தேன். நீ சிரிக்கவில்லை.

"ஆறு வத்தாது எண்டு எனக்குத் தெரியாதோடா? நான் என்ன விசரனோ?"

"அப்ப ஏன் அங்கை குந்தியிருந்தனீ?"

"அக்கா என்னைக் கண்டிட்டுக் கதவைச் சாத்தினால் நான் என்ன செய்யிறது? அந்தப் பயம்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் குண்டு விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பாதை திறந்து கிடந்தபோது சொல்லித் தொலைத்திருக்கலாமே! உன்னைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்தால் போயிருப்பேனே! சண்டையில் பாதை பூட்டி, தாண்டிக்குளத்துக்கு அப்பால் ஒரு கடிதம் போகாத காலத்தில் வந்து சொல்கிறாய். அன்றைக்கு உன்னைத் திட்டிய திட்டில் பங்கருக்குள் இருந்த மற்றச் சனமெல்லாம் என்னைத்தான் பார்த்தது.

சரி, பிறகாவது சும்மா இருந்தாயா? தொண்ணூற்றுமூன்றில் ஒரு பின்னேரம் சைக்கிளில் வந்தாய். "அக்காட்டைப் போட்டு வாறன்" என்றாய், பக்கத்திலிருக்கிற புத்தூருக்குப் போய்வருகிறவன் மாதிரி. நேவி சுடுகிற கிளாலிக் கடலால் போகிறவர்கள் எல்லாரும் கரை சேர்வதில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "இப்ப போகாதையடா" என்றேன். "இனியும் குந்தியிருக்கச் சொல்லுறியோ?" என்றாய். வழி இருந்தபோது இருந்தாய், வழி இல்லாதபோது வெளிக்கிட்டாய். உன் படகு மறுகரைக்குப் போகவில்லை.

பாதை திறந்து, எனக்கும் துணிவு வந்து, நான் போகும்போது தலை நரைத்துவிட்டது. அந்த விறகுக்காரர் சொன்ன பாலத்தால்தான் போனேன். இருபத்தைந்து நிமிடம். அக்கா இன்னும் அதே லயத்தில் இருக்கிறார். நீ கடலில் போன செய்தி யாரோ எழுதிப் போட்டுத் தெரிந்திருக்கிறது, எங்கே போகும்போது என்று அவருக்குத் தெரியவில்லை. "வாங்க, உட்காருங்க" என்று தொடங்கியவர், குருநகர் என்றதும் நம்முடைய பேச்சுக்கு மாறிவிட்டார்.

எண்பத்துமூன்றில் எதிர்க்கரைவரை நாங்கள் வந்ததைச் சொன்னேன். படலை சாத்தியதை நினைத்து நீ பயந்ததையும் சொன்னேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"சாத்தினவன்தான். சாத்திப்போட்டு வேலிக்கு அங்காலை நிண்டு அழுதவன். எனக்குக் கேட்டுக்கொண்டெல்லோ இருந்தது. அதுதான் அவ்வளவு நேரம் வெயிலுக்கை நிண்டனான். அவனோடை எனக்கென்ன கோவம்?"

கேட்டாயா? இதைக் கேட்கத்தானே நீ போயிருக்கவேண்டும்! இருபத்தைந்து நிமிட நடைக்கு அப்பால் இந்த வார்த்தை உனக்காக இருந்தது, மடையா. நீ பாறையில் இருந்து எனக்குக் கடல் பாடம் நடத்தினாய்.

அக்கா அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டார். கோப்பையைத் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"தம்பி, கிளாலியாலை அவன் என்னட்டை வரத்தான் வெளிக்கிட்டவனோ?"

"இல்லை அக்கா. எஞ்சின் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போனவன்."

"ஓம், ஓம். உவனுக்கு எஞ்சின்தானே எல்லாம்" என்றார். நம்பினாரோ, எனக்காக நம்பினாரோ, நான் கேட்கவில்லை. உனக்காக நான் சொன்ன ஒரே பொய் அது. இன்னும் அவர் போன் எடுக்கும்போதெல்லாம், திரும்பக் கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டுதான் கதைக்கிறேன்.