டார்னகல்லாவில் எடுத்த படம்

டனோலி,
மார்ச் 9

அன்புள்ள மிரியம் அவர்களுக்கு,

இங்கு நலம். ஹோபார்ட்டில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படங்கள் கசங்காமல் வந்து சேர்ந்தன. தங்கம் தீர்ந்து காலியாகிப்போன எங்கள் பக்கத்து ஊர்களை இவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. பூட்டிய வங்கி, கூரை போன சுரங்கக் கொட்டகை எல்லாவற்றையும் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

ஒன்றை மட்டும் ஒட்டவில்லை. டார்னகல்லாவில் அந்தப் பழைய ஓட்டல் வாசலில் என் கணவர் ராய் நிற்கிற படம்.

இந்த ஊர்களைப் படமெடுக்க வந்த நீங்கள் வழி கேட்கத்தான் எங்கள் வீட்டு முன்னால் காரை நிறுத்தினீர்கள். கண் மங்கிப் பள்ளிப் பேருந்து ஓட்டுவதை விட்டதிலிருந்து வாயே திறக்காத மனிதர், "நானும் வரேன், எந்தப் பாதையில குழி இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்" என்று ஏறிக்கொண்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. மறுநாளும் உங்களோடு கிளம்ப இஸ்திரி போட்ட சட்டை கேட்டார். பக்கத்து வீட்டு வில்மா வேலியில் சாய்ந்துகொண்டு, "என்னடி கிளெனிஸ், உன் ஆளுக்கு வயசு திரும்புது போலிருக்கே!" என்றாள். மூன்றாம் நாள் உங்களுக்குக் கட்டிய ஆட்டிறைச்சி ரொட்டியில் வேண்டுமென்றே வெண்ணெய் தடவவில்லை. அதையும் ருசியாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அது இன்னும் எரிச்சல்.

அந்தப் படத்தில் அவர் சிரிக்கிறார். கடைவாயில் பல் பிடுங்கிய இடம் தெரியச் சிரிக்கிறார். என் முன்னால்கூட அவர் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிப்பார், அதுவும் எப்போதாவது.

"அவ என்ன சொன்னான்னு இப்படிச் சிரிச்சிருக்க?" என்று கேட்டேன். "ஞாபகம் இல்ல. சூப்பு ஆறுது, சாப்பிடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானே காரை எடுத்து அவரை அதே ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். அதே தூணில் சாயச் சொன்னேன். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த வேடிக்கையையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "வெயில் ஏறுது, போலாமா?" என்றார். நான் எடுத்த படத்தில் அவர் அடையாள அட்டைக்கு நிற்பவர் போல இருக்கிறார்.

உங்கள்மேல் சந்தேகம் ஏதும் இல்லை, மிரியம். சந்தேகமாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன்.

அடுத்த வருடமும் இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள், எங்கள் வீட்டிலேயே தங்கலாம். அதற்கு முன் ஓர் உதவி. அன்று அந்த வாசலில் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அற்பமான பேச்சாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். நானே யோசித்துச் சொல்வது போல அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

போகிற ஊரெல்லாம் உங்களுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கட்டும்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
கிளெனிஸ் பாஸ்கோ