துரை வம்சத்தில் ஒரு மருமகன்

தம்பானூர்,
12-3-1953

பொன்னம்மை அக்காவுக்குத் தம்பி குற்றாலலிங்கத்தின் நமஸ்காரம். உங்கள் முட்டுவலி குறைந்ததா? நான் நல்ல சுகம்; என் மேல் யானை மோதினாலும் யானைக்குத்தான் சேதம்.

இங்கே காலேஜுக்கு வந்திருக்கும் அமெரிக்கத் துரையிடம் டைப்பிஸ்டாக இருக்கிறேன் அல்லவா? இருநூறு வருஷத்துக்கு முன் அவருடைய முப்பாட்டனார் ஒருவர் அங்கே திருவிதாங்கூரைவிடப் பெரிய புகையிலைத் தோட்டம் வைத்திருந்தாராம். பழைய கடிதங்களைப் பார்த்து வம்சாவளி எழுதச் சொன்னார். தோட்டக்காரருக்கு அடுத்தபடியாக அவர் தங்கை மகனை எழுதி, அந்தத் தங்கை வழியையே கடைசி வரை இறக்கிவிட்டேன். நம் குடும்பத்தில் மாமன் சொத்து தங்கை பிள்ளைகளான மருமக்களுக்குத்தானே போயிற்று? கை அந்த வழியே ஓடிவிட்டது.

"சொந்த மகன் எங்கே?" என்று துரை கேட்டார்.

பக்கத்து மேஜை சத்தியதாஸ், "அண்ணாச்சி, ஒம்ம சீட்டு கிழிஞ்சாச்சு. ஊரப் பாத்து நாரோயிலுக்கு பஸ் ஏறும்!" என்றான்.

நானும் பெட்டியைக் கட்ட நினைத்தேன். ஆனால் அந்தத் தாளைப் படித்துக்கொண்டே போன துரை எழுந்து நின்றுவிட்டார். ஐந்து வருஷமாகத் தேடிக் கிடைக்காத அவர் தாயார் வம்சம் அந்தத் தங்கை வழியில் இருந்தது! வேலை இன்னும் ஒரு வருஷம் நீண்டுவிட்டது.

இப்போது என் வம்சாவளியையும் கேட்கிறார். நம் அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கு மேலே எனக்குப் பெயர் தெரியவில்லை. உடனே எழுதுங்கள். கடிதம் நீளமாக இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை இங்கே பேச ஆளில்லை. தாமதித்தால் அந்த இடத்தில் ஒரு மகாராணியை உட்காரவைத்துவிடுவேன்.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், ஓடுகிறேன்.

தம்பி,
குற்றாலலிங்கம்