கொட்டியதும் கசிவதும்

இன்று காலை மழை விட்டபின் பின்கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. பெயின்ட் தின்னரும் தீய்ந்த ரப்பரும் கலந்தது போல ஒன்று. கொஞ்ச நேரத்தில் நாக்கின் அடியில் இனிக்கும். உனக்குத் தெரியாததா? என் மூக்குக்கு முன்னால் உன் மூக்குக்குத்தான் அது எப்போதும் எட்டும். கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு, பழக்க தோஷத்தில் உன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அங்கே இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அவர்களும் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தார்கள்.

இந்தத் தம்போயில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது ஓர் இடுப்புயரச் சுவர். சிங்கப்பூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்துவிட்டு, எல்லைப் பாலத்து நெரிசலில் பாதி உயிரை விட்டு வீடு வருவாய். வந்ததும் அன்று பிடித்த இரண்டு ஆங்கிலச் சொற்களோடு சுவரருகே நிற்பாய். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட நீ தவறவிட்டதுண்டு, இதைத் தவறவிட்டதில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே லா" என்பேன். "ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு வச்சிருக்கான்?" என்பாய். வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லை என்று நான் சொன்னால், சுவரைத் தட்டித் தட்டிச் சிரிப்பாய்.

குவாயட், சைலன்ட் இரண்டும் அப்படி வந்தவைதான். ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. பின்பக்கத்து லோங்காங் வடிகாலில் தண்ணீர் நிறைந்து ஓடியும் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. அப்பாடா, இன்றைக்காவது நிம்மதி என்றேன். நீ சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "இது குவாயட் இல்ல. குவாயட்னா சத்தம் கம்மி. சைலன்ட்னா, கத்த வேண்டியது கத்தல" என்றாய். எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்கத்தான் அன்று உன்னை அவ்வளவு கேலி செய்தேன்.

அடுத்த வாரம் விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. லோங்காங்குக்கு அப்பால், பழைய இரசாயன டிரம்களைக் கழுவி விற்கிறார்களே, அந்தப் பட்டறைக்காரர்கள் ஒட்டியது. சிறிய ஸ்பில் நடந்தது, சுத்தம் செய்துவிட்டோம், கவலை வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நம் தாமான் குடியிருப்பில் லீக் என்ற சொல் தெரியாதவர் உண்டா? குழாய் லீக், கூரை லீக் என்று தினம் புலம்புகிறவர்கள்தான் நாம். ஸ்பில்தான் புதிது. அதைப் படித்த எல்லாருக்கும் முகம் தெளிந்துவிட்டது.

உனக்கு மட்டும் தெளியவில்லை. "ஸ்பில்னா ஒருவாட்டி கொட்டினது. தொடச்சா முடிஞ்சிச்சு. லீக்னா இன்னும் வந்துகிட்டே இருக்கு. இவங்க தரையத் தொடச்சிட்டாங்க, ஓட்டைய யாரு அடைச்சா?" என்றாய்.

குடியிருப்பாளர் கூட்டத்துக்கு நீ போனபோது நான் வேலையில் இருந்தேன். நீ வந்து சொல்லித்தான் தெரியும். எழுந்து நின்று, இது ஸ்பில் இல்லை, லீக் என்றாயாம். பட்டறை ஆள் வாய் திறப்பதற்குள் நம் ஆட்களே உன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்களாம். லீக் என்று வெளியே தெரிந்தால் இந்த வீடுகளை யார் வாங்குவார்கள் என்பது அவர்கள் கவலை. ஆகக்கூடி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது பட்டறை மட்டுமல்ல. "தப்பான சொல்லு எல்லாருக்கும் வசதியா இருக்கு" என்று சொல்லிவிட்டு நீ உள்ளே போய்விட்டாய். எனக்குக் கோபம் அடங்க வெகுநாள் ஆயிற்று. இன்னும் முழுக்க அடங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உன் இருமல். முதலில் பாலத்துப் புகை என்றாய், பிறகு அலுவலக ஏர்கான் என்றாய். நெஞ்சுக்குள் என்னென்னவோ இருக்கிறது என்று சொன்ன டாக்டர்கள், எதனால் வந்தது என்று சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை, தெரியாததைச் சொன்னால் உனக்குப் பிடிக்காது. உன்னைக் கல்லறைக்குக் கொண்டுபோன அன்றும் மழை. எல்லாரும் கலைந்தபின் பின்கதவில் நின்று காது கொடுத்தேன். தவளைகள் அன்றும் கத்தவில்லை.

இப்போது என் மருமகள் வாயும் வயிறுமாக இருக்கிறாள். கடலோர மெர்சிங்கில் அவள் அம்மா வீட்டுக்குப் போனவள், வியாழக்கிழமை இங்கே திரும்புவதாக இருந்தாள். அவள் படுக்கும் அறை பின்பக்கத்து அறை. காலையில் அந்த வாடை வந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மாலையில் அவசரக் கூட்டம் போட்டார்கள். பட்டறையிலிருந்து இந்த முறை ஓர் இளைஞன், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்திருந்தான். அவனும் ஸ்பில் என்றான். நான் எழுந்தேன். உன் ஆங்கிலத்துக்கு நான் எங்கே போவேன்? மலாயும் தமிழுமாகத்தான் கேட்டேன்: கொட்டியதைத் துடைத்தாகிவிட்டது என்றால், மழைக்கு மழை இந்த வாடை எங்கிருந்து வருகிறது? இது லீக் இல்லையா? பார்த்துச் சொல்கிறேன் ஆண்டி என்று கைப்பேசியைக் குனிந்து பார்த்தான். என் கையைப் பிடித்து யாரும் உட்கார வைக்கவில்லை. எனக்கு ஆதரவாக ஒருவரும் பேசவும் இல்லை. பின்வரிசையில் யாரோ இருமிவிட்டு, அதையும் பாதியில் அடக்கிக்கொண்டார்கள். அந்த மண்டபம் குவாயட்டாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

நீ சுவரருகே சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கு மறந்துவிட்டது. இந்த இரண்டு ஜோடி மட்டும் மறக்கவில்லை. இனி மறக்கவும் மறக்காது.

வீட்டுக்கு வந்ததும் மெர்சிங்குக்குப் போன் போட்டேன். வியாழக்கிழமை வர வேண்டாம், பிள்ளை பிறந்தபிறகும் அங்கேயே இரு என்றேன்.

"ஏன் அத்தை? சின்ன ஸ்பில்லுன்னுதானே தாமான் குரூப்புல மெசேஜ் வந்துச்சு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, லீக்" என்றேன்.

போனில் அவள் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. இங்கே மழை விட்டு வெகு நேரமாகியும் லோங்காங்கில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.