அம்மாவிடம் நீதான் பேச வேண்டும்

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா எழுதுவது. ஆடு மாடெல்லாம் சௌக்கியம், நாங்களும் அப்படியே என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. அயர்லாந்துக் குளிரில் நீ நல்லபடியாக இருந்தால் போதும். போன் எப்போதும் அம்மா மடியிலேயே கிடக்கிறது, அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது, அதனால்தான் தாளில் எழுதி, ஜீப் ஓட்டும் ரமேஷிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். நர்ஸ் வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சையில், நோயாளியாக நடித்தவரிடம் ஒன்றும் இல்லை, சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னதால் மார்க் போனது என்று அழுதாயே. 'மே', 'மைட்' போட்டு, இப்படியும் இருக்கலாம் அப்படியும் இருக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டுமாம். இது இன்னா வழவழா பேச்சு என்று நான் கேலி செய்தேன். இப்போது அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அம்மாவுக்கு இடது மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி இருக்கிறது. போன மாதம் திருப்பத்தூரில் காட்டினோம். டாக்டரம்மா உன் வயதுதான், சாதாரணக் கட்டியாவும் இருக்கலாம், கெட்டதாவும் இருக்கலாம், வேலூர்ல சதை எடுத்துப் பாத்தாதான் சொல்ல முடியும், பத்து நாளுக்குள்ள போய்டுங்க என்றார். வெளியே வந்ததும் அம்மா, அந்தம்மாவுக்கே தெரியல, அதான் ரெண்டுங்கெட்டானா சொல்லுது, ஆத்தாளயே கேட்டுடலாம் என்றாள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூ போட்டுக் கேட்டோம். வெள்ளை வந்தால் ஒன்றும் இல்லை, சிவப்பு வந்தால் வேலூர். வெள்ளை வந்தது. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு வேலூர் என்று வாயெடுத்தாலே, ஆத்தாளே இல்லன்னுட்டா, நீ இன்னாத்துக்கு இருக்குதுன்ற என்கிறாள். பத்து நாள் முப்பது நாளாகிவிட்டது. நேற்று சாமைக் கட்டைத் தூக்கக் கை எழவில்லை, சுளுக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

வெண்ணிலா, பூவை இலையில் மடித்தவன் நான்தான். அவள் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்க்க முடியாமல் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துவிட்டேன். கொஞ்ச நாள் பயமில்லாமல் இருக்கட்டும், பிறகு மெதுவாகப் பேசி அழைத்துப் போகலாம் என்று நினைத்தேன். மடத்தனம் செய்துவிட்டேன் மகளே. இன்று சாயங்காலம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். சாமி முன்னால் பொய் செய்தவன் கையால் இனி தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பாளோ என்னவோ. என் பேச்சை இனி கேட்க மாட்டாள், உன் பேச்சைக் கேட்பாள். பயமுறுத்தாதே, ஒன்றும் இல்லை என்றும் சொல்லாதே. அந்த ஊர்க்காரர்களிடம் பேசப் பழகுகிறாயே, அதே பக்குவத்தில் நம் பேச்சில் சொல், ஜீப்பில் ஏறிவிடுவாள்.

அடுத்த பரீட்சையை விட்டுவிடாதே. ஆத்தாளிடம் எதையும் கேட்க எனக்கு இனி முகமில்லை, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் தூரத்தில் நின்று கும்பிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வேலூருக்கு ரமேஷ் வண்டி எடுக்கிறான், அதற்குள் அம்மாவைக் கூப்பிட மறக்காதே. பக்கத்தில் நான் உட்கார்ந்து வரலாமா என்று அவளிடம் கேட்டு எனக்குச் சொல்.

உன் அப்பா,
அர்ச்சுனன்
நெல்லிவாசல்நாடு